நனைந்த நூலகத்தைப் பற்றிப் பல்லி சொன்னது

அவளுக்குப் பல்லி என்று பெயர் வைத்தது அவளேதான். பல் செய்கிறவள் வேறு என்ன பெயர் வைத்துக்கொள்வாள்? பல் மருத்துவர்கள் எடுத்து அனுப்பும் அச்சில் ஜிப்சம் மாவைக் கரைத்து ஊற்றி, மெழுகில் ஈறு பிடித்து, ஒவ்வொரு பல்லாக நட்டு, முழுச் செட்டாக்கித் திருப்பி அனுப்புவதுதான் அவள் வேலை. நாள் முழுக்க யாருடைய வாயோ அவள் கையில் இருக்கும். ஆனால் பேச்சுத்துணைக்கு ஒரு வாய் கிடையாது. கூட இருந்த இரண்டு பேரும் வேறு வேலைக்குப் போனபின், முதலாளி புதிதாக ஆள் போடவில்லை. கேட்டால், "பாக்கலாம் பாக்கலாம்" என்பார். அவர் பார்ப்பதாகத் தெரியவில்லை.

அந்தத் தனிமையில்தான் ப்ராக் ராக் என்கிற வகை ராக் இசை அவளைப் பிடித்துக்கொண்டது. வானொலியில் தற்செயலாக ஒரு பாட்டு வந்தது. ஐந்து நிமிடத்தில் முடியும் என்று நினைத்தாள், முடியவில்லை. கிடார் ஓய்ந்து புல்லாங்குழல் வந்தது. தாளம் நொண்டியடித்தது, பிறகு ஓடியது, பிறகு எங்கோ போய் உட்கார்ந்துகொண்டது. கீழ்த்தாடைக்கு முழுவரிசை நட்டு முடிக்கும்வரை அந்த ஒரே பாட்டுதான் போனது. யார் பாட்டு என்று இணையத்தில் விசாரித்தாள். விசாரித்த இடத்தில் ஒருவர், "இது எல்லாருக்கும் தெரிஞ்சது, விடுங்க, இதைக் கேளுங்க" என்று வேறொன்றைத் தந்தார். அதைக் கேட்டு முடிப்பதற்குள் இன்னொருவர் இன்னொன்றைத் தந்தார். கடைசியில் அவளை ஒரு வாட்ஸ்அப் குழுவில் இழுத்துப் போட்டுவிட்டார்கள்.

அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. புகழ்பெற்ற இசைக்குழுவைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எல்லாரும் சேர்ந்து ஓட்டுவார்கள். ஒரே ஒரு ரெக்கார்டு போட்டுவிட்டுக் காணாமல் போனவர்கள், பாதாள அறையில் பதிவு செய்தவர்கள், நூறு பேர்கூடக் கேட்காதவர்கள் என்று இவர்களைத் தோண்டி எடுப்பதுதான் அங்கே தொழில்.

தோண்டுவதில் மன்னர் ஏழரை. ஏழு அடித் தாளம் என்றால் அவருக்கு உயிர். குழுவில் தலையைக் காட்டினாலே ஏதாவது சண்டையை மூட்டிவிடுவார். இரண்டையும் சேர்த்து யாரோ வைத்த பெயர். அவர் பொத்தாம்பொதுவாக எதையும் சிபாரிசு செய்யமாட்டார். "பல்லிக்கு இது", "தபால்காரருக்கு இது" என்று ஆள் பார்த்துத்தான் கொடுப்பார். பல்லிக்கு அவர் தந்த எதுவும் சோடை போனதில்லை. மூன்று சகோதரிகள் சேர்ந்து வாசித்த ஒரு குழு, பாடகரே இல்லாத ஒரு குழு, கப்பல் பட்டறையில் வேலை செய்துகொண்டே வாசித்த ஒரு குழு. முகம் தெரியாத ஒருவருக்குத் தன் காது இவ்வளவு தெரிந்திருக்கிறதே என்று அவளுக்கு ஆச்சரியமாக இருக்கும். வீட்டில் கட்டினவருக்கே அது தெரியாது.

கட்டினவர் நீச்சல் குளத்தில் உயிர்காப்பாளர். நாள் முழுக்கப் பிள்ளைகள் போடும் கூச்சலைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறவர். "பாட்டுக்கே வழி தெரியாம சுத்துது, நீ அது பின்னாடி சுத்துறே" என்பார். ஆனால் அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டால் தொந்தரவு செய்யமாட்டார்.

ஒருநாள் ஏழரையிடமிருந்து செய்தி வந்தது. "பல்லிக்கு இது. 'நனைந்த நூலகம்'னு ஒரு குழு. போட்டது ஒரே ரெக்கார்டு. முழுசா கேட்டுட்டுச் சொல்லணும். மழுப்பக் கூடாது."

அன்றைக்கென்று பல்லிக்கு மனசு சரியில்லை. ஒரு மேல்செட்டு மூன்றாம் முறையாகத் திரும்பி வந்திருந்தது. கடிக்கும்போது இடப்பக்கம் தூக்குகிறதாம். பாலீஷ் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து எரிச்சலோடு தேய்த்துக்கொண்டே ரெக்கார்டைக் கேட்டாள். கேட்டு முடித்த கையோடு குழுவில் எழுதினாள்:

"நூலகம் நனைஞ்சது சரி, அந்த ஆர்கனையும் கொஞ்சம் காய வெச்சிருக்கலாம். எட்டாவது நிமிஷத்துல அவருக்கு வீட்டுக்குப் போக வழி மறந்து போச்சு. அதே தெருவையே சுத்திச் சுத்தி வர்றாரு. டிரம்ஸ்காரர் பாவம், கையைப் பிடிச்சு கூட்டிட்டுப் போகப் பாக்குறாரு. கடைசிப் பாட்டுல அவரும் 'எக்கேடோ கெட்டுப் போ'ன்னு விட்டுட்டாரு."

குழு விழுந்து விழுந்து சிரித்தது. சிரிக்கிற மூஞ்சிகளாக வந்து குவிந்தன. யாரோ அதைப் படம் பிடித்து இன்னொரு குழுவில்கூடப் போட்டார்கள். பல்லிக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மேல்செட்டும் அன்று சரியாக உட்கார்ந்தது.

மறுநாள் தபால்காரர் போன் செய்தார். அவர் உண்மையிலேயே தபால்காரர்தான், வேலையையே பெயராக வைத்துக்கொண்டவர்.

"பல்லி, அந்த நூலகத்தோட அட்டையைப் பாத்தீங்களா?"

"இல்லையே. பாட்டு மட்டும்தான் கேட்டேன்."

"பின்னட்டையில வாசிச்சவங்க பேரு இருக்கு. டிரம்ஸுக்கு நேரா ஒரு பேரு. போன வருஷம் ஏழரை எனக்கு ஒரு பார்சல் அனுப்பினாரு. அனுப்புனர் பேரைப் பாக்குறது எங்களுக்குப் பழக்கம் பாருங்க. ரெண்டும் ஒண்ணு. முதலெழுத்து, குடும்பப் பேரு, எல்லாம்."

"டிரம்ஸை நான் ஒண்ணும் பெருசா சொல்லலையே…"

"ஆர்கனுக்கும் அதே குடும்பப் பேருதான்."

"ஐயையோ."

"அண்ணனோ தம்பியோ யாரோ. உங்ககிட்டச் சொல்லலாமா வேணாமான்னு யோசிச்சேன். மனசு கேக்கல."

சிரிப்புக்கு நடுவே ஏழரையிடமிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எதற்கெடுத்தாலும் மல்லுக்கு நிற்கிற ஆள். அன்று வரவில்லை, மறுநாளும் இல்லை, வாரம் முழுக்கவும் இல்லை. அவளுடைய விமர்சனத்தை அவர் படித்துவிட்டார் என்பதற்கான நீல அடையாளம் மட்டும் அங்கே கிடந்தது.

அவள் மனம் கண்டபடி ஓடியது. ஆர்கன் வாசித்தவர் இப்போது உயிரோடு இல்லாமல் போயிருந்தால்? அவர் நினைவாக மிச்சமிருப்பதே அந்த ஒரு ரெக்கார்டாக இருந்தால்? அதைத்தானே நம்பி என் கையில் கொடுத்தார்? நானோ நாலு பேர் சிரிக்கட்டும் என்று நடுத்தெருவில் போட்டு உடைத்தேனே!

பிழையைத் திருத்த ஒரே வழி, அந்த ரெக்கார்டு பிடித்துப்போவதுதான் என்று தோன்றியது. நல்ல மனநிலையில் கேட்டால் பிடிக்கலாம் அல்லவா? காலையில் கேட்டாள். குளித்துவிட்டுக் கேட்டாள். வேலைக்குப் போகும் பேருந்தில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். டிரம்ஸ் பிடித்துப்போனது, அதுவும் ரொம்பவே. மூன்றாம் பாட்டில் ஒரு இடத்தில் ஏழு அடிக்குள் யாரோ மெல்லப் படியிறங்கி வருவதுபோல வாசித்திருந்தார். அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். ஆனால் ஆர்கன் மாறவில்லை. எட்டாவது நிமிடத்தில் அந்த மனிதர் அதே தெருவில்தான் சுற்றிக்கொண்டிருந்தார்.

இரவுச் சாப்பாட்டின்போது கட்டினவர் கேட்டார், "என்ன, ஒரு வாரமா மூஞ்சி தொங்குது?"

சொன்னாள்.

"இவ்வளவுதானா? திரும்பக் கேட்டேன், அருமையா இருக்கு, அன்னைக்கு மூட் சரியில்லைன்னு ஒரு வரி போடு. முடிஞ்சுது."

"பொய்யாச்சே."

"ஒருத்தர் மனசு நோகாம இருக்க ஒரு பொய் சொன்னா என்ன கெட்டுப் போச்சு?"

"மழுப்பக் கூடாதுன்னு சொல்லித்தாங்க குடுத்தாரு. மழுப்பினா கண்டுபிடிச்சிடுவாரு. அப்புறம் நான் இதுவரைக்கும் நல்லா இருக்குன்னு சொன்னதெல்லாம்கூடப் பொய்னு ஆயிடாதா?"

அவர் எழுந்து தட்டைக் கழுவினார். "தண்ணியில ஒருத்தன் கையைத் தூக்கினா, விளையாடுறானா தத்தளிக்கிறானான்னு தூரத்துல இருந்து தெரியாது. கிட்டப் போய்த்தான் பாக்கணும். போன் பண்ணிடு."

இது நல்ல யோசனை என்று பல்லிக்கும் தெரிந்தது. தெரிந்ததால் பயம்தான் கூடியது.

மறுநாள் மதிய இடைவேளையில் ஜிப்சம் மூட்டைகள் அடுக்கிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சுற்றிலும் அலமாரிகளில் வெள்ளை வெள்ளையாய் வாய்கள். எல்லாம் திறந்தபடி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. குழுவிலிருந்து எண்ணை எடுத்து அழைத்தாள். ஒரு பெண்குரல் எடுத்தது, கொஞ்சம் கரகரத்த, வயதான குரல்.

"வணக்கம்மா. சார் இருக்காங்களா?"

"எந்த சார்?"

"அது… எனக்குப் பேரு தெரியாது. நாங்க ஏழரைன்னு கூப்பிடுவோம். நீங்க அவங்க வீட்டம்மாவா?"

"நான்தான் ஏழரை" என்றது குரல். "நீ யாரு, பல்லியா?"

இத்தனை வருஷமாகச் சார் சார் என்று அழைத்தபோதெல்லாம் மறுபேச்சுப் பேசாமல் இருந்திருக்கிறாரே இந்த அம்மா!

"நீங்க… சார்னு கூப்பிடும்போது ஒண்ணும் சொல்லலையே?"

"டிரம்ஸ் வாசிக்கிறது பொம்பளைன்னு தெரிஞ்சா முதல்ல அதைப் பத்திப் பேசுவாங்க, அப்புறம்தான் பாட்டைப் பத்திப் பேசுவாங்க. எனக்குப் பாட்டுதான் முக்கியம். சரி, எதுக்குக் கூப்பிட்டே?"

"மன்னிப்புக் கேக்கத்தாம்மா. அது உங்க ரெக்கார்டுன்னு தெரியாது. தெரிஞ்சிருந்தா அப்படி எழுதியிருக்க மாட்டேன்."

"அதனாலதான் சொல்லல. ஒரு வாரமா இதையே நினைச்சிட்டு இருந்தியா?"

"நீங்க ஒண்ணும் பேசலையே. கோவம்னு நினைச்சேன்."

"உனக்கு அதை அனுப்பிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டேன், கண்ணுல ஆபரேஷன்டி. போனையே பாக்கக் கூடாதுன்னுட்டாங்க. சொட்டுமருந்து விட்டுட்டுச் சும்மா படுத்திருக்கேன். வர்ற மெசேஜை எல்லாம் எங்க அண்ணன்தான் படிச்சுக் காட்டுறான்."

"அண்ணன்னா…"

"ஆர்கன் வாசிச்சவன்தான்."

பல்லி ஒரு ஜிப்சம் மூட்டையின் மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். அப்படியென்றால் அவள் எழுதியதை அந்த மனிதரே தன் வாயால், தன் தங்கைக்கு, சத்தம்போட்டுப் படித்திருக்கிறார்.

"படிச்சுட்டே வந்தான்," என்றார் ஏழரை. "எட்டாவது நிமிஷம்னு வந்ததும் நிறுத்திட்டான். செத்தோம்னு நினைச்சேன். எனக்கோ கண்ணுல கட்டு, அவன் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்க முடியல. சத்தமே இல்ல. அப்புறம் பாத்தா கட்டில் ஆடுது. சிரிக்கிறான்! இருமல் வர்ற வரைக்கும் சிரிச்சான். இரு, அவன்கிட்டயே குடுக்குறேன்."

வேண்டாம் என்று சொல்வதற்குள் போன் கைமாறிவிட்டது.

"பல்லியாம்மா?" அண்ணனின் குரல் தங்கையினுடையதைவிட மென்மையாக இருந்தது. "நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. அந்த ஆர்கன் இரவல் வாங்கினது. ஒரு கட்டையை அமுக்கினா மேல வராது, அமுங்கினது அமுங்கினதுதான். அங்க போயிடக் கூடாதுன்னு சுத்திச் சுத்தி வந்தேன். திரும்பப் பதிவு பண்ண நேரமும் இல்ல. ரெக்கார்டு வந்ததும் என் தங்கச்சி அதைக் கொண்டாடினா. எனக்குக் கேக்கவே சகிக்காது. ஆனா அவ சந்தோஷத்தைக் கெடுக்க வேணாம்னு வாயை மூடிக்கிட்டேன்."

பின்னாலிருந்து ஏழரையின் குரல் கேட்டது. "நான் எங்கடா கொண்டாடினேன்? நீ வருத்தப்படுவேன்னுதான் நல்லா இருக்கு நல்லா இருக்குன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்!"

"பாத்தீங்களா," என்றார் அண்ணன். "ரெண்டு பேருக்கும் தலை நரைச்சுப் போச்சு. இப்பதான் பேசிக்கிறோம். ஆனா ஒண்ணும்மா, இவ வாசிச்சது நல்லா இருக்கு இல்ல?"

"மூணாவது பாட்டு," என்றாள் பல்லி. "படியிறங்கி வர்ற மாதிரி ஒரு இடம் வருதே, அதை எத்தனை தடவை கேட்டேன்னு எனக்கே தெரியாது. சத்தியமா சொல்றேன்."

போன் மறுபடி ஏழரையிடம் போனது. "மழுப்பலையே?" என்று மட்டும் கேட்டார்.

"மழுப்பல."

"அப்ப சரி. இங்க படுத்துட்டு எனக்கு ஒரே போர். கண்ணுதான் மூடியிருக்கு, காது திறந்துதானே இருக்கு? எனக்கு ஏதாவது குடு."

ஏழரைக்கு யாரும் எதையும் கொடுத்ததில்லை. அவருக்குத் தெரியாததைக் கொடுப்பது யாரால் முடியும்? பல்லி யோசித்துப் பார்த்தாள். அவளாகவே கண்டுபிடித்து, யாரிடமும் சொல்லக் கூச்சப்பட்டு வைத்திருந்த ஒன்று இருந்தது. பள்ளிக்கூட இசை வாத்தியார்கள் ஐந்து பேர் விடுமுறையில் கூடி வாசித்தது, பாதிக்குமேல் செலோ என்கிற பெரிய வயலின். அதை அனுப்பினாள். கூடவே "ஏழரைக்கு இது" என்று எழுதினாள்.

கதவைத் திறந்து வெளியே வந்தபோது முதலாளி நின்றிருந்தார். "என்னம்மா, கீழ்த்தாடை இன்னும் முடியலையா?" என்றார். வேறொரு நாளாக இருந்தால் எரிந்து விழுந்திருப்பாள். "முடிஞ்சுடும் சார். ஆனா இன்னொரு ஆள் போடுங்க சார், தனியா முடியல" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அவர் வழக்கம்போலப் பாக்கலாம் என்றார். அதுகூட அன்று அவளுக்கு உறைக்கவில்லை.

பசி தெரிந்தது. ஒரு வாரமாகச் சாப்பாட்டை ஏனோதானோ என்று விழுங்கியவள், ஆறிப்போன டிபன் பாக்ஸை வழித்துத் துடைத்துச் சாப்பிட்டாள்.

சாயங்காலம் நேராக நீச்சல் குளத்துக்குப் போனாள். கட்டினவர் உயர நாற்காலியில் விசிலைக் கடித்தபடி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணைத் தண்ணீரிலிருந்து எடுக்காமலேயே கேட்டுக்கொண்டார்.

"அப்ப தத்தளிக்கல," என்றார்.

"இல்ல. விளையாடிட்டுத்தான் இருந்திருக்காங்க."

"நீதான் தத்தளிச்சிருக்கே."

அவர் வேலை முடியும்வரை நனையாத ஓரமாகப் பார்த்து உட்கார்ந்தாள். போன் சிணுங்கியது. ஏழரையிடமிருந்து குரல்செய்தி: "முதல் பாட்டு பிரமாதம். ரெண்டாவது கேட்டா தூக்கம் வருது. அந்தச் செலோக்காரியை யாராவது எழுப்பி விடுங்க. மூணாவதுல இருக்கோம், குறுக்க பேசாதே." பின்னணியில் அண்ணன் தாளம் தவறித் தட்டுவதும், தங்கை அவரை அதட்டுவதும் கேட்டது.

வீட்டுக்குப் போகும் பேருந்தில் ஹெட்போனை எடுக்கவே தோன்றவில்லை. கட்டினவரின் தோளில் சாய்ந்தவள், இரண்டு நிறுத்தம் போவதற்குள் தூங்கிவிட்டாள். இறங்கவேண்டிய இடம் வந்தது. அவர் அவள் முகத்தைப் பார்த்தார், எழுப்பவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்ப நடந்துகொள்ளலாம் என்று பேசாமல் உட்கார்ந்திருந்தார்.