தவழ்ந்த எண்பது மீட்டர்

சிஹாரு நடுரோட்டில் தவழ்ந்ததை ஜப்பான் நாடே இருபத்தெட்டு வருடமாகப் பார்த்து அழுகிறது. சிஹாருவுக்கு மட்டும் அழுகை வருவதில்லை, பற்றிக்கொண்டு வருகிறது.

பெண்களுக்கான நெடுஞ்சாலைத் தொடர் ஓட்டம் அது. தோளில் குறுக்காகப் போட்ட துணிப்பட்டையைக் கொண்டுபோய் அடுத்தவளிடம் கொடுத்தால்தான் அவள் வேலை பார்த்த கம்பெனியின் அணி பந்தயத்தில் இருக்கும். பத்தொன்பது வயது சிஹாருவுக்கு வழியிலேயே கணுக்காலுக்கு மேல் எலும்பு முறிந்தது. மீதி எண்பது மீட்டரை முட்டிபோட்டே கடந்தாள். முட்டித் தோல் பாதி தார் ரோட்டோடு போனது. பின்னால் காரில் வந்த கோச் இனோகுமா இறங்கி, அவள் பக்கத்திலேயே நடந்து வந்தார். அவர் ஒரு விரலால் தொட்டிருந்தால் போதும், அணி விலகியதாக அர்த்தம், அவளைத் தூக்கிப் போயிருப்பார்கள். அவர் தொடவில்லை.

"என்னைத் தொடாதீர்கள், போக விடுங்கள் என்கிறாள் இந்தப் பெண்" என்று வர்ணனையாளர் தழுதழுத்தார். அந்த மனிதர் இருந்தது பத்து கிலோமீட்டர் தள்ளி, ஒரு கண்ணாடி அறையில். அவர் சொன்னதுதான் வேதவாக்காகிவிட்டது.

இப்போது அவள் குருமே என்ற ஊரில் ஒரு பள்ளிச் சமையற்கூடத்தில் வேலை பார்க்கிறாள். குனிந்து அரிசி மூட்டையைத் தூக்க முடியாது, தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். இந்த வருடம் ஃபுகுவோகா தொலைக்காட்சி ஒன்று மறக்க முடியாத பத்து விளையாட்டுத் தருணங்களைத் தேர்ந்தெடுத்து, அவள் தவழ்ந்ததற்கு முதலிடம் கொடுத்தது. ஓய்வுபெறப் போகும் இனோகுமாவுக்கு அவள் கையால் பூங்கொத்து கொடுக்க வேண்டுமாம். தலைமையாசிரியை கெஞ்சியதால், கொடுத்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடித்துவிடலாம் என்றுதான் வந்தாள்.

ஸ்டுடியோவில் பழைய காட்சியை ஓடவிட்டார்கள். இனோகுமா கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

"இதை இப்பவும் உங்க அணிப் பொண்ணுங்களுக்குப் போட்டுக் காட்டறீங்களாமே சார்?" என்று தொகுப்பாளினி கேட்டாள்.

"சேர்ற அன்னைக்கே காட்டிடுவேன். இப்பக்கூட பாருங்க, கோயுகின்னு ஒரு பொண்ணு. கால் எலும்புல விரிசல், டாக்டர் ஓடவே கூடாதுங்கறார். 'சிஹாருக்கா தவழலையா, நான் ஓடறேன் கோச்'ங்கறா. ஞாயித்துக்கிழமை இதே ஓட்டத்துல ஓடப்போறா."

எல்லோரும் கை தட்டினார்கள். சிஹாரு, தான் வாயை மூடிக்கொண்டிருந்தது ஊருக்கு நல்லது என்று இத்தனை வருடம் நினைத்தாளே, அந்த மௌனத்தைக் காட்டியல்லவா இன்னொருத்தி காலை உடைக்கிறார்கள்.

"அன்னைக்குக் கோச்கிட்ட என்ன சொன்னீங்க சிஹாரு மேடம்?" என்று தொகுப்பாளினி இவள் பக்கம் திரும்பினாள்.

"தொடுங்க கோச்னு சொன்னேன். மூணு தடவை சொன்னேன்."

கை தட்டியவர்கள் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் விழித்தார்கள். இயக்குநர் ஓடிவந்தார். "கொஞ்சம் நிறுத்திக்கலாம். பூங்கொத்துலேர்ந்து மறுபடி எடுப்போம்."

இனோகுமா சிரித்தார். "வலியில என்னத்தையோ முனகினே. எனக்கு ஒண்ணும் கேக்கலையேம்மா."

"ரெண்டடி தள்ளி நடந்தீங்க. நான் சொல்லச் சொல்ல, 'இன்னும் அம்பதுதான், இன்னும் முப்பதுதான்'னு பதில் சொன்னீங்க. கேக்காமலா பதில் வந்துச்சு?"

அவர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் தன் செருப்பைப் பார்த்தார்.

சிஹாரு பூங்கொத்தை நாற்காலியில் போட்டாள். "அந்தப் பொண்ணுக்குப் போன் போடுங்க."

"ஷூட்டிங் நேரத்துல..." என்று இனோகுமா இழுத்தார்.

"போடுங்க. இல்லேன்னா ஞாயித்துக்கிழமை நானே நடுரோட்டுல வந்து அவளைத் தொடுவேன். இந்த நொண்டிக் காலை வச்சுக்கிட்டு வந்து தொடுவேன்."

இத்தனை பேர் முன்னால் முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எண்ணை அழுத்தினார். சிஹாரு போனைப் பிடுங்கி, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

"கோயுகி, நான் சிஹாரு பேசறேன்."

"அக்கா... நீங்களா? நானும் உங்களை மாதிரியே..."

"என்னை மாதிரி ஆக வேணாம். என்னால படி ஏற முடியாது, தெரியுமா? அன்னைக்கு நான் நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினேன். அதை டிவியில சொல்லல, அவ்வளவுதான்."

மறுமுனையில் ஒரு கதவு மூடும் சத்தம் கேட்டது. பிறகு, பக்கத்தில் யாராவது கேட்டுவிடப் போகிறார்களோ என்பதுபோல் ஒரு சின்னக் குரல் வந்தது.

"நிறுத்தச் சொல்லிக் கேக்கலாமாக்கா?"

சிஹாரு கோச் பக்கம் திரும்பினாள். போனை இனோகுமாவின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"இந்தத் தடவை நல்லாக் கேட்டுச்சுல்ல கோச். பதில் சொல்லுங்க."