ஊதாப் பவளக் காளான்

ஓய்வு பெற்ற பிறகு நான் பொய் சொல்வதில்லை; கொஞ்சம் உரம் போட்டுச் சொல்கிறேன், அவ்வளவுதான். தண்ணீர்மலைக் காட்டில் நான் பார்த்த உடும்பு முதலை அளவு இருந்தது. அங்கே ஓர் அட்டை என் காலில் ஏறி அரை லிட்டர் குடித்தது. லோகேஸ்வரி அக்கா இதில் ஒன்றையும் நம்பியதில்லை.

அக்கா பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். சனிக்கிழமை காலையில் மலையேறும் எங்கள் கூட்டத்தில் காளானுக்குப் பெயர் சொல்பவர் அவர்தான். கண்ணில் புரை விழுந்திருந்தது. ஆபரேஷன் என்றாலே, "கண்ணுக்குள்ள கத்தியா, வேணாம்லா" என்பார்.

அன்று மழை விட்டிருந்தது. பாதையோரச் சருகுக்கு நடுவே ஒரு காளான் கொத்து. அக்கா குந்தி, சருகை விலக்கித் தடவினார்.

"மண்ணுலதான் முளைச்சிருக்கு. அடியில கட்டை இல்ல." ஒரு கிளையை ஒடித்தார். டக்கென்று உடைந்தது. "ரப்பர் மாதிரி வளைஞ்சா வேற ரகம். இது அசல் பவளக் காளான். நிறம் சாம்பல்."

எங்கள் கூட்டத்துச் சுகுமாரன் என்னைப் பார்த்தான். கத்தரிக்காயே வெட்கப்படும் ஊதா அது.

"ஊதா அக்கா," என்றேன்.

"விளையாடாத தம்பி."

"ஊதாதான் அக்கா," என்றான் சுகுமாரன், மெதுவாக.

அக்கா கையிலிருந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நிறம் தப்புன்னா பேரும் தப்பு. இனிமே நீங்களே பேர் சொல்லிக்குங்க. நான் வரல." தடியை எடுத்துக்கொண்டு இறங்கத் தொடங்கினார்.

ஆறுதல் சொல்லத் தெரியாதவன் நான், தெரிந்ததைச் செய்தேன்.

"கல்யாணப் பட்டு மாதிரி ஊதா அக்கா. நுனியில விளக்கு எரியுது. சுகுமாரன் அந்த வெளிச்சத்துல பேப்பர் படிக்கிறான்."

"சும்மா இரு."

"கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்துல இருந்து பார்த்தாலும் தெரியும். ஃபெரிக்காரன் இதை வச்சுத்தான் கரை சேர்றான்."

அக்கா நின்றார். தோள் குலுங்கியது, சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

"உன் வாயை நம்பி ஒரு காளானுக்குப் பேர் வைக்க முடியுமா? நானே பார்த்தாத்தான் உண்டு. டாக்டர்கிட்ட நாள் கேளு."

ஆபரேஷன் அன்று என் காடியில்தான், முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு போனேன். வாசல்வரை என் கையைப் பிடித்தே வந்தார். பிடித்த பிடியில் என் மூன்று விரல் தூளானது.

பிறகு ஒரு நல்ல மழைக்கு அதே இடத்தில் மறுபடி முளைத்தது. அக்கா குந்தினார். இந்தத் தடவை ஒடிக்கவில்லை.

"இதுல மட்டும் நீ கூட்டிச் சொல்லல தம்பி," என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஆனா உன் மூஞ்சி எப்ப இவ்வளவு கிழடாச்சு?"

சுகுமாரன் சிரித்துச் சிரித்து, மலையிலிருந்து உருண்டு கடலில் போய் விழுந்தான்.