குதிரையின் கண்

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை பழங்கால நகரத்து இடிபாடுகளைப் பார்க்கக் காசு கொடுக்க வேண்டாம் என்பதால் ரோமிலிருந்து ரயிலேறினோம். என் கணவர் எல்வியோ முப்பது வருடமாக வீடுகளுக்குத் தரை பதிக்கிறவர். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் தரையைத்தான் பார்ப்பார். மனிதர்களெல்லாம் அப்புறம்தான்.

பைன் மரத்தடியில் பிள்ளைகளுக்கு அந்தக் காலத்து வேலைகளைச் செய்து பார்க்கக் கொடுத்தார்கள். எங்கள் மகள் ஜினெவ்ரா, பத்து வயது, பலகையில் கலவை பூசிப் பொடிக் கற்களைப் பதித்து ஒரு மீன் செய்தாள். அவள் கற்கள் மட்டும்தான் ஆடாமல் நின்றன. "எங்கப்பா தரை போடறவரு!" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்ல வெட்கப்படுகிறவள். எல்வியோவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆனாலும் குறை சொல்லாமல் இருப்பாரா? "கலவைதான் மட்டம். போட்டதுமே கல்லா இறுகிடுது" என்றார்.

பிறகு பழைய குளியல் கூடத்துக்குப் போனோம். தரை முழுக்கப் பொடிக் கற்களால் பதித்த குதிரை ஓவியங்கள். ஒரு குதிரையின் கண்ணாக இருந்த கல் மட்டும் பெயர்ந்து பக்கத்தில் கிடந்தது.

"அப்பா, நீ சரி பண்ணேன்."

"எல்வியோ, உனக்கு எதுக்கு இந்த வம்பு?" என்றேன்.

என் பேச்சை யார் கேட்டார்கள்? மகள் அந்த மரத்தடிக்கு ஓடிப்போய் ஒரு கை கலவை அள்ளி வந்தாள். அவர் தடுப்புக் கயிற்றைத் தாண்டி, வலிக்கிற முழங்காலை ஊன்றிக் கண்ணைப் பதித்தார். இம்மி பிசகவில்லை.

காவலர் ஓடி வந்தார். "யோவ், என்ன பண்ற? ரெண்டாயிரம் வருஷத்துத் தரையில புதுக் கலவையா? எடு அதை!"

"இறுகிருச்சு சார். இப்ப எடுத்தா உடைஞ்சிடும். இருக்கட்டும், விடுங்க."

"எடுன்னா எடு!"

"அவரு சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க சார்" என்று கெஞ்சினேன். எனக்குக் கெஞ்சிப் பழக்கமில்லை. காவலர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

எல்வியோ வீட்டுச் சாவியால் நெம்பினார். கண் இரண்டாக உடைந்தது.

காவலர் நோட்டை எடுத்து, 'தரையைச் சேதப்படுத்தினார்' என்று எழுதினார். இப்போது அது உண்மையாகவே ஆகிவிட்டதே, என்ன சொல்லி மறுப்பது?

"தொழில்?" என்று கேட்டார்.

எல்வியோ மகளைப் பார்த்தார். காலையிலிருந்து ஊருக்கே சொன்னவள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லேன்டி" என்றேன்.

ஜினெவ்ரா மீன் பலகையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.