தலைமாட்டு நாற்காலி

டாக்டரம்மாவின் சோபா எங்கள் பட்டறைக்கு வந்தபோது அதன் நடுவில் ஆள் படுத்த வாக்கில் ஒரு பள்ளம் இருந்தது. அவர் மனசுக்கு வைத்தியம் பார்ப்பவர். வருகிறவர்களை அதில் படுக்கவைத்து, தோன்றுவதையெல்லாம் பேசச் சொல்லிவிட்டு, தலைமாட்டில் கண்ணில் படாமல் உட்கார்ந்து கேட்பாராம்.

நூறு வருஷத்துக்கும் முன்னால் வெளிநாட்டில் ஒரு டாக்டர் தொடங்கிவைத்த பழக்கம் என்றார். நாள் முழுக்க நோயாளிகள் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது அந்த மனிதருக்குத் தாங்கவில்லையாம். அவருடைய கூச்சம் இன்றைக்கும் முறையாக நிற்கிறது. மறந்துவிட்டோம் என்று நாம் நினைப்பது அடிமனசில் உயிரோடுதான் கிடக்கும், எதிரில் முகம் இல்லையென்றால் தானாக மேலே வரும் என்றும் சொன்னார்.

அப்பா சிரித்தார். "அழுது அழுதே ஸ்பிரிங்கைத் துருப்பிடிக்க வச்சிட்டாங்கம்மா."

எங்கள் பட்டறையிலும் அப்படி ஒரு முறை உண்டு. ஸ்பிரிங் மாற்றியதும், மேல்துணி போடும் முன் அப்பா படுத்துப் புரளுவார். அம்மாவுக்குப் பிறகு அப்பா கட்டிக்கொண்ட சித்தி தலைமாட்டில் உட்கார்ந்து காதைக் கொடுப்பாள். எது முனகுகிறதோ அதற்கு நேராகச் சட்டத்தில் சுத்தியல் பிடியால் ஒரு தட்டு தட்டிக் காட்டுவாள். அவள் பேசக்கூடாது, பேசினால் சத்தம் தெரியாது.

இந்த முறை அப்பா படுத்ததும் சித்தி விளையாட்டாக, "மனசுல வர்றதைச் சொல்லுங்க, வைத்தியம் பாக்கறேன்" என்றாள். "முதல்ல உன் காப்பிக்கு வைத்தியம் பாரு" என்று அப்பா தொடங்கினார். அது அப்படியே நீண்டது. மறுநாள் எந்த ஸ்பிரிங்கும் முனகவில்லை, ஆனாலும் இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று படுத்தார். அதற்கடுத்த நாளும் படுத்தார். சின்ன வயசு, அவருடைய அப்பாவின் பெல்ட், பிறகு என் அம்மா. நான் இடுக்கு விட்ட பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் மேல்துணி தைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா சண்டை போட்டுக்கொண்டு மழையில் போனாள், திரும்பவே இல்லை, விடிந்ததும் பாலத்துக்குக் கீழே கிடந்தாள். அப்பா ஊருக்குச் சொன்னது இது. சித்தியிடமும் அதையேதான் சொன்னார். ஆனால் கோபம் வந்தால் அவர் சித்தியையும் வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போடுவார். கொஞ்ச நேரத்தில் திறந்துவிடுவார். ஒருநாள் திறக்காமலே விட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயம் சித்திக்கு உண்டு. "அக்கா நெஜமாவே திரும்பி வரலையாடி?" என்று என்னிடம் கேட்டிருக்கிறாள். அம்மா போன ராத்திரி நான் தூங்கிவிட்டேன், எனக்குத் தெரியாது.

அந்த மூன்றாம் நாள் மத்தியானம் மழை பிடித்தது. அப்பா கண்ணை மூடிப் படுத்திருந்தார். குரல் அவருடையது மாதிரியே இல்லை, யாரோ பையன் ஒப்பிப்பது போல் இருந்தது.

"வந்தா. திரும்பி வந்தா. கதவுக்கு இந்தப் பக்கம்தான் நான் நின்னேன். ரொம்ப நேரம் தட்டினா."

சொல்லிவிட்டு லேசாகப் புரண்டார். ஒரு ஸ்பிரிங் முனகியது. பழகிய கை, சித்தி சட்டத்தில் தட்டிவிட்டாள்.

"யாரு?" என்று அப்பா துள்ளி உட்கார்ந்தார். வாசலைத்தான் முதலில் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி, தலைமாட்டில் இருந்த சித்தியைப் பார்த்தார்.

"நீ எப்ப வந்த?"

"நீங்கதானேங்க உக்காரச் சொன்னீங்க."

அப்பா கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. எழுந்து போய்ப் பட்டறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். திரும்பி வந்து அவள் கையிலிருந்த சுத்தியலை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"இன்னிக்கு நீ படு. நான் கேக்கறேன்."

சித்தி படுத்தாள். அவர் தலைமாட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் முகம் எனக்குத் தெரிந்தது, அவருக்குத் தெரியாது.

"என்ன கேட்டேன்னு சொல்லு."

"ஒண்ணும் கேக்கலைங்க. ஸ்பிரிங் சத்தம் மட்டும்தான்."

அப்பா சட்டத்தில் ஒரு தட்டு தட்டினார். எந்த ஸ்பிரிங்கும் முனகவில்லை.

நான் தையலைக் கீழே வைத்தேன். செருப்பில்லாமல் சுவரோரமாகவே நடந்து கதவிடம் போனேன். பின்னால் இரண்டாவது தட்டு கேட்டது. தாழ்ப்பாள் துருவேறியது, இழுத்தால் கிறீச்சிடும், அவருக்குக் கேட்கும். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன்.