முன்வரிசைத் தும்மல்

குய்லானுக்குக் காலையிலிருந்தே மூக்கு ஒழுகியது. ஒழுகினால் ஒருநாள் வீட்டில் கிடக்கவேண்டியதுதானே என்பீர்கள். கிடக்கலாம், வேறு யாராவதாக இருந்தால். சீனாவின் சோங்சிங் நகரத்தில் அவர்கள் குடியிருப்புக்குக் கீழே உள்ள சதுக்கத்தில் தினமும் சாயங்காலம் நாற்பது பெண்கள் வரிசைகட்டி ஆடுகிறார்களே, அதில் முன்வரிசை நடு இடம் அவளுடையது. ஒருநாள் வராவிட்டால் இன்னொருத்தி அங்கே நிற்பாள், நின்றவள் பிறகு நகரமாட்டாள். முன்பு அங்கே ஆடியவள் மகளின் பிரசவத்துக்குப் போன அன்றுதான் குய்லானே அந்த இடத்தைப் பிடித்தாள். அதனால் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"பேசாம படு கிழவி. வெந்நீர் குடி," என்றார் கணவர் ஹாய்போ. வயிற்றுவலி, மனக்கவலை, அறுந்துபோன செருப்பு எல்லாவற்றுக்கும் அவரிடம் இருந்த ஒரே வைத்தியம் வெந்நீர்தான்.

"கழுத்துக்கு மேல சீக்குன்னா ஆடலாமாம், கீழன்னாதான் கூடாதாம். போன்ல ஒரு டாக்டர் சொன்னாரு. மூக்கு எங்க இருக்கு? மேல!"

"தொண்டையும் கரகரங்குதுன்னியே. தொண்டை எங்க இருக்கு?"

குய்லான் தடவிப் பார்த்தாள். பாழாய்ப்போன தொண்டை சரியாக எல்லைக்கோட்டிலேயே இருந்தது.

"மேல்பாதிதான் கரகரங்குது."

"அப்ப உன் மேல்பாதிய மட்டும் ஆட அனுப்பு. கீழ்பாதி இங்க படுத்துக் கிடக்கட்டும்."

அவள் தெர்மாமீட்டரைக் கக்கத்தில் வைத்தாள். அது ஏறப் பார்த்ததும் வெடுக்கென்று உருவி, "பாத்தியா, காய்ச்சலே இல்ல!" என்று அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். இஞ்சிக் கஷாயத்தை ஒரே மடக்கில் விழுங்கி, முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

சதுக்கத்தில் யென்லிங் அவள் இடத்துக்குப் பக்கத்திலேயே, ஒரு காலை ஏற்கெனவே உள்ளே வைத்தபடி நின்றாள்.

"என்னக்கா, முகமே வாடிப்போயிருக்கு? வேணும்னா இன்னிக்கு நான் நடுவுல நிக்கட்டுமா?"

"முகத்த மூடியிருக்கேன். வாடினது உனக்கு எப்படிடி தெரிஞ்சுது?"

பாட்டு தொடங்கியது. பின்வரிசைக்காரிகளுக்கு அடவு எதுவும் தெரியாது. முன்னால் இருப்பவள் என்ன செய்கிறாளோ அதையே செய்வார்கள், அவ்வளவுதான் அவர்கள் கலை. பாட்டு பாதியைத் தாண்டும்போது குய்லானுக்கு மூக்கில் குறுகுறுத்தது. அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. முழங்கையைத் தூக்கி, முகத்தை அதில் புதைத்து, இடுப்பை வளைத்து, ஒரு காலைப் பின்னால் உதறித் தும்மினாள்.

பின்னால் அத்தனை பேரும் முழங்கையைத் தூக்கி, இடுப்பை வளைத்து, காலை உதறினார்கள்.

இன்னொரு தும்மல். இன்னொரு முறை எல்லாரும் வளைந்தார்கள். எல்லா அடவும் தெரிந்த யென்லிங் மட்டும் திருதிருவென விழித்துவிட்டு, தாமதமாக வளைந்தாள். குய்லானுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பாட்டு முடிந்ததும் யாரையும் பார்க்காமல் படியேறிவிட்டாள்.

மறுநாள் தெர்மாமீட்டரை எவ்வளவு சீக்கிரம் உருவியும் பயனில்லை, நல்ல காய்ச்சல். போர்வையோடு ஜன்னலில் உட்கார்ந்தாள். கீழே நடு இடத்தில், நினைத்த மாதிரியே, யென்லிங். குய்லானுக்கு வயிறு எரிந்தது. எரிந்தது கழுத்துக்குக் கீழேதான், சந்தேகமே இல்லை.

"போச்சு. என் இடம் போயே போச்சு," என்று அழாக்குறையாகச் சொன்னாள்.

"வெந்நீர்..." என்று ஆரம்பித்த ஹாய்போ அவள் பார்த்த பார்வையில் கோப்பையைக் கீழே வைத்தார்.

அதே பாட்டு வந்தது. அவள் தும்மிய அதே கட்டமும் வந்தது. யென்லிங் பிசகாமல் பழைய அடவையே ஆடினாள். நேற்றைய தும்மலைப் புது அடவென்றே நம்பிய பின்வரிசை முழுவதும், அவளைப் பார்க்காமலேயே முழங்கையைத் தூக்கி வளைந்து காலை உதறியது. ஒருத்தியின் முழங்கை யென்லிங்கின் முதுகில் இடித்தது. ஆட்டம் நின்றது, ஒரே கூச்சல். "நடுவுல நிக்கிறவளுக்கு அடவே தெரியலயே!" என்ற குரல் ஜன்னல் வரைக்கும் கேட்டது.

சிறிது நேரத்தில் போன் அடித்தது. யென்லிங்தான்.

"அக்கா, அந்தப் புது அடவு ரெண்டு தடவையா, மூணா? இவளுங்க என்னய நிக்கவே விடமாட்டேங்கிறாளுங்க."

குய்லானுக்குச் சந்தோஷத்தில் காய்ச்சல் பாதி இறங்கிவிட்டது.

"மூணு. ஆனா மூணாவதுதான் ரொம்பக் கஷ்டம். நான் வந்து சொல்லித் தரேன். அதுவரைக்கும் அந்த இடத்துல யாரும் நிக்கவேணா..." சொல்லி முடிப்பதற்குள் வந்துவிட்டது. "ஆஆச்!"

யென்லிங் பணிவாகக் கேட்டாள்.

"சத்தமும் போடணுமாக்கா?"