கால் நீட்ட இடம்

செந்தூல் ரயில் பட்டறையில் குண்டு விழுந்து சரிந்த சுவரோரம் பெண்கள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு தட்டை இரும்பு. செங்கல்லில் ஒட்டியிருந்த காரையைச் சுரண்டி, கல்லைத் தட்டிப் பார்த்து, முழுக்கல்லை ஒரு பக்கம் அடுக்க வேண்டும். உடைந்த கல்லுக்குக் கூலி கிடையாது. சுண்ணாம்புத் தூசி வியர்வையில் கரைந்து பவுனம்மாளின் விரல் இடுக்குகளைத் தின்றது.

பக்கத்தில் இருந்த மாரியாயி குரலைத் தாழ்த்தினாள். பிரிக்பீல்ட்ஸில் பவுனம்மாள் குடியிருந்த அதே மாடியில் அடுத்த அறைக்காரி அவள்.

"பவுனு, உன் ரூம நேத்து ஆள் வந்து பாத்துட்டுப் போச்சு."

"என் ரூமயா?"

"நீ வேலையில இருந்த. எனக்கு நேத்து காச்சலு, படுத்திருந்தேன். வேலாயுதம்தான் கூட்டியாந்தான். வாசல்ல நின்னுக்கிட்டு, சன்னல்ல காத்து நல்லா வருமான்னு கேக்கறாங்க."

"உள்ள மனுசன் படுத்துக் கெடக்கிறாரே?"

"அவரத் தாண்டித்தான் காத்தப் பாத்தாங்க."

"வாயா பேசுது, கையா பேசுது?" என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அந்தக் கோடியிலிருந்து கத்தினான். இருவரும் குனிந்து சுரண்டினார்கள்.

வெள்ளைக்காரன் விமானம் போட்ட குண்டில் பட்டறையோடு, ரயில்வேக்காரர்கள் குடியிருந்த செந்தூல் லைன் வீடுகளும் எரிந்து போயிருந்தன. அங்கிருந்தவர்கள் கைவண்டியிலும் தலைச்சுமையிலும் சாமான்களைக் கொண்டுவந்து பிரிக்பீல்ட்ஸில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். மாடிப்படிக்கு அடியில் குடியிருந்தார்கள். கடைக்கு முன்னால் நடப்பதற்கு விட்ட அஞ்சடியில் சாக்கைத் தொங்கவிட்டுக் குடியிருந்தார்கள். எங்கே படுத்தாலும் அந்த இடத்துக்கு ஒருவன் வாடகை கேட்டு வந்தான். ஜப்பான்காரன் அடித்த வாழைமர நோட்டை யாரும் கையால் தொடவில்லை. அரிசி கேட்டார்கள், எண்ணெய் கேட்டார்கள், இருந்தால் தங்கம் கேட்டார்கள்.

வேலாயுதம் அந்த மாடி முழுவதையும் கட்டடத்துக்குச் சொந்தக்காரரான கிள்ளான் சீனத் தவுக்கேயிடம் வாடகைக்கு எடுத்து, அறை அறையாகத் தடுத்து விட்டிருந்தான். தடுத்தது கன்னையா. பவுனம்மாளின் புருஷன். மரக்கிடங்கில் தச்சுவேலை பார்த்தவன். ஜப்பான்காரன் வந்த வருஷம் பெட்டிப் பலகைகளை இழைத்து, சட்டம் நிறுத்தி, நடையை ஒட்டி நான்கு அறைகளையும் அவன்தான் அடித்துக் கொடுத்தான். "கூலி வேண்டாம்ணே, சன்னல் பக்கத்து ரூம எனக்கு விட்ருங்க" என்றான். வேலாயுதம் அவன் கையைப் பிடித்து, "நீ இருக்கிற வரைக்கும் அது உன்னுதுப்பா" என்றான். பேச்சு அவ்வளவுதான். வாடகை தனி.

கூலி அரிசி வாடகைக்கே போக, மரவள்ளிக் கிழங்கையே தின்று தின்று கன்னையாவுக்குக் கால் வீங்கியது. முதலில் செருப்பு நுழையவில்லை. பிறகு முழங்கால் மடங்கவில்லை. இப்போது இரண்டு கால்களும் தண்ணீர் நிரம்பிய தோல் பைபோல நீட்டியபடியே கிடந்தன. நெஞ்சு மட்டும் ஏறி இறங்கியது.

அன்று சாயங்காலம் லோரி இறக்கிவிட்ட இடத்திலிருந்து பவுனம்மாள் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தாள். கீழே ஜபருல்லா பாயின் கோப்பிக்கடை. அஞ்சடியில் ஒரு டிரங்குப் பெட்டி. அதன் மேல் வயிறு தள்ளிய ஒரு பெண் கால்களை அகட்டி உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி போட்ட ஓர் ஆள் பக்கத்தில் கோரைப்பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான். மேலே சுத்தியல் சத்தம்.

"பாய், யாரு இவங்க?"

"செந்தூல் ரயில்வேல கணக்கு எழுதற கிராணிம்மா, தம்புசாமின்னு பேரு. அது சம்சாரம் இராஜம்மா. நிறைமாசம். வீடு எரிஞ்சு போச்சு." பாய் குவளையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "மேல போய்ப் பாரு. எனக்கென்னமோ நல்லாப் படல."

அறைக்கு நடுவே புதிதாக ஒரு சட்டம் நின்றது. சன்னல் இருந்த பாதி அந்தப் பக்கம், இருட்டுப் பாதி இந்தப் பக்கம். பழனியப்பன் மேலிருந்து கீழாகப் பலகை அடித்துக்கொண்டிருந்தான். மரக்கிடங்கில் கன்னையாவிடம் வேலை பழகியவன். பவுனம்மாளைப் பார்த்ததும் வாயிலிருந்த ஆணிகளைக் கையில் துப்பிக்கொண்டு தலையைத் திருப்பினான். வேலாயுதம் வெற்றிலையை மென்றபடி நடையில் நின்றான்.

"என்னண்ணே இது?"

"கத்தாத. உன்ன வெளிய போன்னு சொன்னேனா? கொஞ்சம் தள்ளிப் படுக்கத்தான் சொல்றேன்."

"எங்க தள்ளிப் படுக்கறது? சன்னல் எங்குளுதுன்னு கையடிச்சுச் சொன்னது யாரு?"

"அப்ப ஊர்ல குண்டு விழல. இப்ப விழுந்திருச்சு. கிள்ளான் தவுக்கே வாடகைய ஏத்திட்டாரு. நான் என் கையிலேர்ந்தா போட முடியும்? ஆளுக்குப் பாதி. நாமளே ஒருத்தருக்கொருத்தர் எடம் குடுக்கலேன்னா யாரு குடுப்பா?"

"அப்ப வாடகையும் பாதியா?"

வேலாயுதம் எச்சிலை விழுங்கினான். "வாடகை எடத்துக்கு இல்லம்மா. கூரைக்கு. கூரை அப்படியேதான இருக்கு?"

கன்னையா பாயில் கிடந்தபடி கண்ணைத் திறந்தான். தலை இருட்டுப் பக்கம். கால் சன்னல் பக்கம், புதுச் சட்டத்தைத் தாண்டி. அவன் பார்வை பழனியப்பனின் கையில் போய் நின்றது.

"டேய், பலகை நுனியில அடிக்காத, வெடிச்சிரும். ரெண்டு விரல் உள்ள தள்ளி அடி."

"சரிண்ணே."

"சட்டத்துக்கு ஆப்பு வச்சியா? ஆடுது பாரு."

"வக்கிறேண்ணே."

பவுனம்மாள் கன்னையா பக்கம் திரும்பினாள். "என்ன ஜென்மம்யா நீ! உன்ன அடைக்கிறதுக்குத்தான் அவன் செவுரு அடிக்கிறான். அதுக்கு நீ ஆப்பு சொல்லிக் குடுக்கறியா?"

"வேலைன்னா வேலையா இருக்கணும் புள்ள" என்றான் அவன். மூச்சு வாங்கியது. "கர்ப்பக்காரி படுக்கப்போறா. தடுப்பு அவ மேல சாஞ்சிட்டா என்னா பண்ணுவே?"

கடைசிப் பலகைக்கு வந்தபோது பழனியப்பன் நின்றுவிட்டான். அடிப்பலகை வர வேண்டிய இடத்தில் கன்னையாவின் கால்கள் இருந்தன. அறை இப்போது அவன் உயரத்துக்கு இல்லை. குறுக்கே படுத்தால் பவுனம்மாளுக்கே முழங்கால் முட்டும்.

"நடைப் பக்கம் கால நீட்டச் சொல்லு" என்றான் பழனியப்பன்.

"நடையிலயா? நாலு குடும்பம் நடக்கிற வழிடா" என்றான் வேலாயுதம். "மடக்கச் சொல்லு."

"மடங்காதுண்ணே. பாத்தாலே தெரியுதே."

"ரெண்டு பேரா அமுக்கினா மடங்கும்."

பழனியப்பன் அசையவில்லை. வேலாயுதமே பலகையை எடுத்து, அதன் விளிம்பைக் கன்னையாவின் கணுக்காலில் வைத்துத் தள்ளினான். கன்னையாவிடமிருந்து வந்தது மனுஷச் சத்தமாக இல்லை. பலகை பட்ட இடத்தில் தோல் குழிந்தது. பலகையை எடுத்த பிறகும் குழி நிரம்பவில்லை.

பவுனம்மாள் பழனியப்பன் கையிலிருந்த சுத்தியலைப் பிடுங்கினாள். வேலாயுதம் பின்னால் நகர்ந்தான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. புதிதாக அடித்திருந்த கீழ்ப்பலகையை ஓங்கி அடித்தாள். பலகை பிளந்து அந்தப் பக்கம் விழுந்தது. இரண்டு பலகை உயரத்துக்குச் சந்து ஆனது.

"என் புருசன் காலுக்கும் சேத்துத்தான்யா இத்தன வருசம் வாடகை குடுத்தேன்! எவன் அந்தக் கால மடக்குறான்னு பாக்குறேன்!"

மாரியாயியும் மற்ற அறைப் பெண்களும் நடைக்கு வந்துவிட்டார்கள். "நாளைக்கு நம்ம ரூமுக்கும் இதான்டி" என்று ஒருத்தி சத்தமாகச் சொன்னாள். மாரியாயி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "வருசா வருசம் பத்துமலையில இந்த ஆளு தண்ணிப் பந்தல் போடறாரு! வெளங்கிரும்!"

சத்தம் கேட்டுத் தம்புசாமி ஏறி வந்தான். பின்னால் இராஜம்மா சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள். அவள் அந்தக் கால்களைப் பார்த்தாள். பிறகு வேலாயுதத்தைப் பார்த்தாள்.

"அவருக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா? நான் புள்ள பெறப் போறவ. சாவு விழுந்த ரூம்ல எப்படிங்க?"

"தடுப்பு எதுக்கும்மா போடறேன்? சாவு விழுந்தாலும் அந்தப் பக்கம். தீட்டு இந்தப் பக்கம் வராது. தடுப்பு வந்தாலே அது வேற வீடு."

"எனக்கும் வேற போக்கிடம் இல்லம்மா" என்றான் தம்புசாமி பவுனம்மாளிடம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "முன்பணமா இவ வளையலக் குடுத்துட்டேன். திருப்பிக் கேட்டா குடுப்பாரா?"

"அந்த வளையலு உங்க காலுக்கு விலங்குதான் கிராணியாரே" என்றாள் மாரியாயி.

வேலாயுதம் நடை ஓரத்தில் வெற்றிலையைத் துப்பினான். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி நிதானமாகச் சொன்னான். "சரி. கால் அந்தப் பக்கமே இருக்கட்டும். நான் கல்நெஞ்சுக்காரன் இல்ல. ஆனா கால் கெடக்கிறது கிராணியார் ரூமு. அந்த எடத்துக்கு நீ தெனம் தனியா அரிசி அளந்துரணும்."

"எனக்கு ஒண்ணும் வேண்டாங்க" என்றான் தம்புசாமி அவசரமாக.

"உங்களுக்கு யாருய்யா குடுத்தா? எனக்கு."

அன்று பவுனம்மாள் கூலியாகக் கொண்டுவந்த அரிசியில் முதல் படி காலுக்குப் போனது.

மறுநாளும் அவள் வேலைக்குப் போனாள். போகாவிட்டால் அரிசி இல்லை. அரிசி இல்லாவிட்டால் அடிப்பலகை. கிளம்பும்போது ஜபருல்லா பாய் சட்டியில் கொஞ்சம் தவிட்டுக் கஞ்சி கொடுத்து, "கால் வீக்கத்துக்கு நல்லதாம், ஊத்திட்டுப் போ" என்றார். அப்படியே குரலை இறக்கினார். "தவுக்கே ஒண்ணும் வாடகைய ஏத்தலம்மா. அந்த ஆளு பயந்துபோய் காப்பார் பக்கம் ஒரு மலாய்க் கிராமத்துல, கம்பத்துல, ஒளிஞ்சு எத்தனையோ காலமாச்சு. வாடகை வாங்க வர்றதே இல்ல."

"அப்ப நாங்க குடுத்ததெல்லாம்?"

பாய் கண்ணால் மாடியைக் காட்டினார்.

பவுனம்மாள் கஞ்சியை ஊட்டினாள். பாதி கன்னத்தில் வழிந்தது. சந்துக்கு அந்தப் பக்கம் இராஜம்மா துணியை நனைத்துக் கன்னையாவின் கால்மேல் போட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது.

அன்று முழுதும் செங்கல்லைச் சுரண்டாமல் உடைத்தாள். மண்டோர் வந்து திட்டினான். "கல்லு மேல என்னா கோவம்?" என்று மாரியாயி கேட்டபோது அடுத்த கல்லை எடுத்து உடைத்தாள்.

சாயங்காலம் லோரி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. கோப்பிக்கடை வாசலில் பாய் எழுந்து நின்றார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் பார்த்ததுமே பவுனம்மாள் படியில் ஓடினாள்.

இராஜம்மா நடையில் சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். "இப்பத்தான்க்கா. காத்து வந்தா கால் பெருவெரல ஆட்டிக்கிட்டே இருப்பாரு. பாத்துக்கிட்டே இருந்தேன். ஆட்டறது நின்னுருச்சு. கூப்பிட்டேன், கேக்கலக்கா."

பவுனம்மாள் உள்ளே பாய்ந்தாள். வேலாயுதம் அறைக்குள் இருந்தான். பழனியப்பன் புதுப் பலகையோடு அந்தப் பக்கம் தயாராக இருந்தான்.

அவள் வாயைத் திறந்தாள். வேலாயுதம் உள்ளங்கையை அவள் முகத்துக்கு முன்னே விரித்தான்.

"அழாத. இப்ப அழுதின்னா மாடியே கேட்டுரும். பலகை அடிச்சு முடியட்டும், அப்புறம் அழு."

"அடப்பாவி!"

"யோசிச்சுக்க. கால் அங்க கெடக்கறப்ப ஒப்பாரி எழுந்துச்சுன்னா ரெண்டு ரூமும் சாவு ரூமு. கருமாதி முடியிற வரைக்கும் எவனும் வரமாட்டான். கர்ப்பக்காரி இந்த மழையில எங்க போவா? உனக்கும் சொல்றேன். வெடியிற வரைக்கும் பொணத்த எங்க வப்பே? அஞ்சடியிலயா? நான் சரின்னாத்தான் அது இங்க இருக்கும்."

"கால் அந்தப் பக்கம்தான இருக்கு? அங்கதான் செத்தாரு! உன் சன்னலுக்குக் கீழதான் செத்தாரு!"

"உசிரு கால்லயா இருக்கு?" என்றான் வேலாயுதம். "தலைப் பக்கம் புடி."

வெளியே ஓட்டுக் கூரையில் மழை கொட்டியது. நடையில் இராஜம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். அவள் வயிறு குலுங்கியது. அதைப் பார்த்த பிறகுதான் பவுனம்மாள் குனிந்து கன்னையாவின் கக்கத்துக்குள் கையை விட்டாள்.

இழுத்தார்கள். உடம்பு படுத்த நிலையில் அறைக்குள் அடங்கவில்லை. தலை பின்சுவரில் முட்டியது. கால் இன்னும் சந்தில் இருந்தது. கடைசியில் வேலாயுதம் சொன்னபடி திருப்பி, புதுத் தடுப்பில் முதுகு சாய்த்து உட்கார வைத்தார்கள். வீங்கிய கால்கள் நேராகப் பின்சுவர் வரை போய் நின்றன. உட்கார்ந்த ஆளுக்கு அறை சரியாக இருந்தது.

"அடிடா" என்றான் வேலாயுதம்.

அந்தப் பக்கம் பழனியப்பன் அடித்தான். தடுப்பு முழுவதும் அதிர்ந்தது. ஒவ்வோர் அடிக்கும் கன்னையாவின் தலை பலகையில் மோதி முன்னால் ஆடியது. அடித்தான். ஆடியது. மறுபடி அடித்தான்.

பவுனம்மாள் அவன் பக்கத்தில் மண்டியிட்டாள். பல்லைக் கடித்தபடி, தலைக்கும் பலகைக்கும் நடுவே தன் கையைக் கொண்டுபோய் வைத்தாள். அடிகள் அவள் விரல்களில் விழுந்துகொண்டிருந்தன.