காது வெட்டின நாய்

பால்துரை தன் கண்ணையே நம்பவில்லை. தண்ணீர்த்தொட்டித் தெருவின் சிறுபாலத்துக்கு அடியில் ஒரு செவலை நாய் படுத்திருந்தது. அதன் மடியில் ஐந்து குட்டிகள் முட்டி மோதிப் பால் குடித்துக்கொண்டிருந்தன. நாய் குட்டி போடுவதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். அதிசயம் அதன் இடது காதில் இருந்தது. நுனியைக் கத்தரித்து எடுத்த தழும்பு. கருத்தடை முடிந்தது, இனி இந்த நாய் குட்டி போடாது என்பதற்கு வைத்த அடையாளம் அது.

அந்தப் பேரூராட்சியின் பெயர் வேண்டாம், வம்பு. தாயில்பட்டிப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பால்துரை அங்கே துப்புரவு மேற்பார்வையாளர். மூன்று மாதத்துக்கு முன், நாய்த் தொல்லை தாங்கவில்லை என்று ஊரே திரண்டு மனுக் கொடுத்ததில், வெளியூரிலிருந்து ஒரு குழு வேனில் வந்து இறங்கியது. பழைய உரக்கிடங்கைச் சுற்றித் தார்ப்பாய் கட்டி மறைத்துக்கொண்டார்கள். அறுவை நடக்கும் இடம், கிருமி தொற்றும், யாரும் உள்ளே வரக்கூடாது என்றார்கள். பால்துரையும் நல்ல பிள்ளையாக வெளியிலேயே நின்றார். காலையில் பிடித்துக்கொண்டு போன நாய்கள் சாயங்காலமே வாலை ஆட்டிக்கொண்டு தெருவுக்குத் திரும்பின. வயிற்றைக் கிழித்துத் தைத்த நாய் அன்றைக்கே இப்படி ஓடியாடுமா என்று கேட்க அந்த மனுசனுக்குத் தோன்றவில்லை. காதுகளைப் பார்த்தார், வெட்டியிருந்தது, வேலை திருப்தி என்று கையெழுத்துப் போட்டார்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. காது வெட்டின நாய்க்கெல்லாம் வெறிநோய் ஊசியும் போட்டாகிவிட்டது என்று அந்தக் குழு சொன்னதை வாங்கிக்கொண்டு, தெருத்தெருவாகப் போய்ச் சொன்னார். இனி கடித்தாலும் பயமில்லை என்பது மட்டும் அவராகச் சேர்த்துக்கொண்டது.

சிறுபாலத்தடியில் குந்தியிருந்தவருக்கு இப்போது அந்தப் பேச்சுதான் காதில் திரும்ப ஒலித்தது. அறுவையே நடக்கவில்லை என்றால் ஊசி மட்டும் எங்கே போட்டிருப்பார்கள்? சுப்புத்தாயின் முகம் நினைவுக்கு வந்தது. சட்டென்று எழுந்தார்.

சுப்புத்தாய் அதே தெருக்காரி. பட்டாசு கம்பெனியில் பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, மருந்து அடைக்கிறவள். நாற்பது நாளைக்கு முன், கம்பெனி வேனைப் பிடிக்க ஓடியவளை ஒரு கருப்பு நாய் கெண்டைக்காலில் கவ்விவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பால்துரை அங்கே நின்றிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகவா சார் என்று அவரைத்தான் கேட்டாள். தீபாவளி சீசன், ஒரு நாள் போகாவிட்டால் அவள் இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்துவிடும். பால்துரை ஓடுகிற நாயின் காதைப் பார்த்தார். வெட்டியிருந்தது. சோப்புப் போட்டு நல்லாக் கழுவும்மா, போதும் என்றார். அவள் கும்பிட்டுவிட்டு வேனில் ஏறிப் போனாள்.

அந்தக் கருப்பு நாய் உயிரோடு திரிந்தால் போதும். கடித்துப் பத்து நாள் தாண்டியும் நாய் நன்றாக இருந்தால் அதற்கு வெறி இல்லை என்பது அவருக்குத் தெரியும். தெரு முழுக்கத் தேடினார். கடைசியில், குப்பை வண்டியோடு வந்த துப்புரவுத் தொழிலாளி ஒச்சப்பனைக் கேட்டார்.

"அது அப்பவே செத்துப்போச்சே சார். வாயில நுரை தள்ளி ஓடைக்குள்ள கெடந்துச்சு. நாந்தான் குழி தோண்டிப் பொதச்சேன்."

எப்போது என்று கேட்டார். சுப்புத்தாயைக் கடித்த நாலாம் நாள் என்றான். ஏன் சொல்லவில்லை என்றதற்கு, செத்த நாய்க்கெல்லாம் தகவல் சொல்லணுமா சார் என்று நிஜமாகவே புரியாமல் விழித்தான். அவனைத் திட்டப் பால்துரைக்கு வாய் வரவில்லை. திட்டவேண்டிய ஆள் யார் என்று அவருக்குத் தெரிந்துபோயிருந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் கொழுந்தியாள் ஜாஸ்பினுக்குப் போன் போட்டார். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சத்தம் போட்டாள்.

"ஊசி போட்ட நாய் கடிச்சாலும் மனுசனுக்கு ஊசி போடணும் அத்தான். உங்கள யாரு வேண்டாம்னு சொல்லச் சொன்னா? இப்பவாவது கூட்டிட்டு வாங்க. கடிபட்ட எடத்துல ஊருது, குத்துதுன்னு சொல்ல ஆரம்பிச்சிட்டா, அப்புறம் எந்த ஊசியும் கேக்காது."

பைக்கை விரட்டினார். வழியெல்லாம் ஏசப்பா, ஏசப்பா என்று அவர் வாய் முணுமுணுத்துக்கொண்டே வந்தது.

ஆனால் பட்டாசு கம்பெனிக்குள் யாருடைய அவசரமும் செல்லாது. வாசலிலேயே செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். விஷயத்தைக் கேட்ட போர்மேன் அய்யாதுரைக்கும் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் உள்ளே பாயப்போன பால்துரையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஓடாதீக சார். சத்தமும் போடாதீக. மருந்துல கை வச்சிருக்கிற பொம்பளைக திடுக்கிட்டா அம்புட்டுப் பேரும் போயிருவோம்."

ஆகவே ஓர் உயிரைக் காப்பாற்ற வந்தவர், வெறுங்காலோடு வேப்பமரங்களுக்கு நடுவில், கல்யாண வீட்டுக்கு வந்த விருந்தாளி போல மெல்ல நடந்தார். ஒவ்வோர் அடிக்கும் அவருக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

அய்யாதுரை போய்ச் சொல்ல, சுப்புத்தாய் அறையை விட்டு வெளியே வந்தாள். முழங்கை வரைக்கும் வெள்ளியாகப் பவுடர் அப்பியிருந்தது. நடையில் ஒரு தளர்ச்சியும் இல்லை. சாரைப் பார்த்ததும் சிரித்தாள். பால்துரைக்குப் போன உயிர் திரும்பியது. காய்ச்சல் உண்டா என்றார், இல்லை என்றாள். தண்ணீர் இறங்குகிறதா என்றார், இப்பத்தான் ஒரு சொம்பு குடிச்சேன் என்றாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிக் கெண்டைக்காலைக் காட்டினாள். புண் ஆறிப் பல் தடம் மட்டும் தெரிந்தது. கடைசியாக, அரிப்பு உண்டா என்றும் கேட்டார்.

"அரிப்புக்கென்ன சார், மருந்துத் தூசிக்கு உடம்பெல்லாம் அரிக்கும். இங்கன எல்லாருக்கும் உள்ளதுதான்."

அப்பாடா என்று மூச்சு விட்டார். கிளம்பும்மா, ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுவிட்டு வந்துவிடலாம் என்றார். அய்யாதுரை வேனை எடுத்து வரப் போனார். சுப்புத்தாய் குழாயடியில் கை கழுவினாள். கழுவிக்கொண்டே, வலது கால் விரலால் கடிபட்ட இடது கெண்டைக்காலைத் தேய்த்தாள். கை கழுவி முடித்த பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"இது மட்டும் வேற மாதிரி சார். மூணு நாளா உள்ளுக்குள்ள எறும்பு ஊருத மாதிரி இருக்கு. குத்துது."

பால்துரை பக்கத்தில் இருந்த வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டார். சத்தம் போடக்கூடாத இடம். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். சுப்புத்தாய் அவர் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அருகில் வந்து, அவருக்குத் தைரியம் சொன்னாள்.

"எதுக்கு சார் இப்பிடிப் பதறுதீக? காது வெட்டின நாய்தானே. நீங்கதானே பாத்துச் சொன்னீக."